திரைச்சீலையில் தொடங்குங்கள்: கனடாப் பனிக்காலத்தில் உடலையும் மனத்தையும் காக்க ஒரு முழுமையான வழிகாட்டி

அம்மா ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கு வந்த முதல் பனிக்காலத்தில், நான் வேலை முடிந்து வீட்டுக்குள் நுழையும்போதெல்லாம் ஒரே இடத்தில்தான் இருப்பார். சோபாவின் மூலை, கால்மேல் கம்பளிப் போர்வை, எதிரே தொலைக்காட்சி. ஜன்னல்களின் தடித்த திரைச்சீலைகள் இழுத்து மூடியிருக்கும். குளிர் உள்ளே வந்துவிடும் என்று ஒக்ரோபர் கடைசியில் அவரே மூடியவை அவை. யாழ்ப்பாணத்தில் விடியுமுன் எழுந்து முற்றம் கூட்டியவர், இங்கே ஒன்பது மணியாகியும் எழ மனமின்றிக் கிடந்தார். சோறு, பாண், பிஸ்கட் என்று வாய் ஓயாமல் எதையாவது தேடியது. கேட்டால், "ஒன்றுமில்லை, உடம்பு ஓய்ச்சலாக இருக்கிறது" என்பார். வயதாகிறது என்று நாங்களும் விட்டுவிட்டோம்.

அது வயது அல்ல. வழக்கமான மனச்சோர்வில் பலருக்குத் தூக்கம் கெடும், பசி குறையும். பனிக்கால மனச்சோர்வில் பெரும்பாலும் இதற்கு எதிரானது நடக்கிறது. தூக்கம் கூடுகிறது, மாப்பண்டங்களிலும் இனிப்பிலும் ஆசை கூடுகிறது, எடை ஏறுகிறது, கைகால் ஈயம்போலக் கனக்கிறது, ஆட்களைக் காணப் பிடிப்பதில்லை. நன்றாகச் சாப்பிட்டு நன்றாகத் தூங்குகிற ஒருவரைப் பார்த்து நோயாளி என்று யாரும் நினைப்பதில்லை. சோம்பேறி என்றுதான் நினைக்கிறார்கள். அதனாலேயே நம் வீடுகளில் இது கவனிக்கப்படாமல் போகிறது.

இதற்கு மருத்துவ உலகில் 'பருவகால மனச்சோர்வு' (Seasonal Affective Disorder) என்ற பெயர் கிடைத்தது 1984-இல். அமெரிக்காவின் தேசிய மனநல ஆய்வு நிலையத்தில் பணியாற்றிய நோர்மன் ரோசென்தாலும் அவருடைய குழுவினரும் இதை விவரித்து எழுதினார்கள். ரோசென்தால் தென்னாபிரிக்காவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்தவர். பனிக்காலத்தில் தன் ஊக்கம் வற்றிப்போவதைத் தன்னிலேயே கண்டவர். இதை விவரித்து எழுதியவரே வெயில் நாட்டிலிருந்து வந்து இதைத் தன்னில் உணர்ந்தவர் என்பது நமக்கு ஆறுதலான செய்தி. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலும் ஏறக்குறைய பதினொன்றரை மணி நேரம் நீள்கிறது. ரொறன்ரோவில் டிசம்பர் 21 அன்று சூரியன் காலை 7.48 அளவில் எழுந்து மாலை 4.44 அளவில் விழுந்துவிடுகிறது; ஒன்பது மணி நேரம்கூட இல்லை. காலை ஏழுக்கு வேலைக்குப் போய் ஐந்துக்குத் திரும்புகிறவர் வாரநாளில் சூரியனையே பார்ப்பதில்லை.

உணவும் உடற்பயிற்சியும் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனாலும் இந்த வழிகாட்டி ஒளியில்தான் தொடங்குகிறது. காலை ஒளி கிடைக்காத உடம்புக்கு நடக்கவும் மனம் வராது, சமைக்கவும் மனம் வராது. எங்கள் வீட்டில் கண்டது அது.

முதற்படி: ஒக்ரோபரில் ஒரு இரத்தப் பரிசோதனை

எல்லாச் சோர்வையும் பனியின் தலையில் கட்டிவிடக் கூடாது. தைரொய்ட் சுரப்புக் குறைந்தாலும் சோர்வு, எடை ஏற்றம், குளிர் தாங்காமை எல்லாம் வரும். இரும்புச்சத்துக் குறைவு நம் பெண்களிடம் மிகச் சாதாரணம். மரக்கறி மட்டும் உண்பவர்களுக்கும், நீரிழிவுக்கு மெட்ஃபோமின் மாத்திரையை நெடுநாளாக எடுப்பவர்களுக்கும் விற்றமின் பி12 குறையலாம். குடும்ப வைத்தியரிடம் போய், தைரொய்ட், இரும்புச்சத்து, பி12, சர்க்கரை ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். விற்றமின் டி பரிசோதனைக்கு ஒன்ராறியோவின் ஓகிப் காப்புறுதி பொதுவாகப் பணம் கொடுப்பதில்லை. அதற்காக வருந்த வேண்டாம். வழக்கமான அளவு மாத்திரையைப் பரிசோதனை இல்லாமலே எடுக்கலாம்.

இரண்டாம் படி: காலை ஒளி

கண்ணின் விழித்திரையில் விழும் ஒளி, மூளைக்குள் இருக்கும் உடற்கடிகாரத்துக்கு "விடிந்துவிட்டது" என்று சொல்கிறது. அந்தச் செய்தி போனதும் தூக்கத்துக்குரிய மெலடோனின் சுரப்பு அடங்குகிறது. செய்தி தாமதமானால் நாள் முழுவதும் உடம்பு அரைத்தூக்கத்தில் நடமாடும். வீட்டு விளக்கு நமக்குப் பிரகாசமாகத் தோன்றினாலும் அதன் ஒளி பெரும்பாலும் சில நூறு லக்ஸ்தான் (லக்ஸ் என்பது ஒளியை அளக்கும் அலகு). முகில் மூடிய பனிக்காலப் பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். மூடிய திரைச்சீலைக்குப் பின்னால் இருப்பவர் இழப்பது இதைத்தான்.

எங்கள் வீட்டில் செய்தது இது. தினமும், ஞாயிற்றுக்கிழமை உட்பட, 7.30-க்கு எழுவது. எழுந்தவுடன் திரைச்சீலையை முழுவதும் விலக்குவது. குளிர்காற்றுப் புகும் ஜன்னல் விளிம்புக்கு, கடையில் விற்கும் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் தாளை ஒட்டிவிட்டோம். குளிரும் நின்றது, வெளிச்சமும் வந்தது. சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் நகர்த்தினோம். எட்டு மணிக்கு அந்த மேசையின் ஒரு மூலையில் வெயில் விழும். அம்மா தேத்தண்ணீர்க் கோப்பையை அந்த வெயிலுக்குள் வைத்துவிட்டு உட்காருவார். வெயில் நகர நகரக் கோப்பையும் நகரும்.

அதற்குப் பிறகு வெளியே இருபது நிமிடம். வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு தரிப்பிடம் முன்பே பஸ்ஸிலிருந்து இறங்கி நடக்கலாம். விடியுமுன் வேலை தொடங்குமானால், மதிய இடைவேளையில் உணவை விரைவாக முடித்துவிட்டு வெளியே போங்கள். இரவு வேலை முடித்து வந்து பிற்பகல் இரண்டு மணிக்கு எழுகிறவருக்கு அதுதான் விடியல். எழுந்தவுடன் போர்வைக்குள் கைபேசியைத் தடவாமல், பொழுது சாயுமுன் வெளியே இறங்கிவிடுங்கள்.

இவ்வளவும் போதாதவர்களுக்கு ஒளிச்சிகிச்சை விளக்கு இருக்கிறது. 10,000 லக்ஸ் தருவதாகவும் புறஊதாக் கதிரை வடிகட்டுவதாகவும் பெட்டியில் எழுதியிருப்பதை வாங்க வேண்டும். எவ்வளவு தூரத்தில் அந்த 10,000 லக்ஸ் கிடைக்கும் என்பதையும் அதிலேயே பாருங்கள். ஒரு கை தூரத்துக்கு மேலே வைத்தால் பல விளக்குகள் பயனற்றவை. எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் முப்பது நிமிடம், முகத்துக்குச் சற்றுப் பக்கவாட்டில் வைத்து, காலை உணவை உண்டபடியோ பத்திரிகை வாசித்தபடியோ இருந்தால் போதும். விளக்கை உற்றுப் பார்க்கக் கூடாது, கண்ணை மூடியிருக்கவும் கூடாது. மாலையில் போட்டால் இரவுத் தூக்கம் கெடும். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் செல்லும். இதை வெறும் நம்பிக்கை வைத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள். 2006-இல் வெளியான கனேடிய ஆய்வொன்றில், பனிக்கால மனச்சோர்வுள்ளவர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு இந்த ஒளியையும் மறுபகுதியினருக்கு ஃபுளுவொக்சிற்றின் என்ற மனச்சோர்வு மருந்தையும் எட்டு வாரம் கொடுத்தார்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தந்தன.

ஆனால் இருவர் வைத்தியரைக் கேட்காமல் இந்த விளக்கைத் தொடக் கூடாது. விழித்திரை நோய் உள்ளவர் ஒருவர். நீரிழிவு விழித்திரையைப் பாதிக்கக்கூடியது, நம்மில் நீரிழிவுக்காரர் அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அம்மாவின் விழித்திரையை முதலில் கண் மருத்துவரிடம் காட்டிய பிறகே விளக்கை வாங்கினோம். நீரிழிவுள்ளவர்களின் ஆண்டுக் கண் பரிசோதனைக்கு ஓகிப் பணம் கொடுக்கிறது. இருமுனை மனநோய் உள்ளவர் மற்றவர். ஒளி அவரை மிதமிஞ்சிய எழுச்சிக்குத் தள்ளிவிடக்கூடும். வெளிச்சத்தைத் தாங்க முடியாமற் செய்யும் சில மருந்துகளும் உண்டு. நீங்கள் எடுக்கும் மாத்திரைகளின் பட்டியலை மருந்துக்கடையில் காட்டிக் கேட்டுவிடுங்கள். ரொறன்ரோ பொது நூலகம், நம்மவர்கள் நிறைய வாழும் மால்வர்ன் கிளை உட்படச் சில இடங்களில் இத்தகைய விளக்குகளை வைத்தது உண்டு. வாங்குமுன் நூலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாம் படி: விற்றமின் டி-யை ஒளியோடு குழப்பாதீர்கள்

நம்மவர்களிடம் நான் அதிகம் கேட்பது, "நான் விற்றமின் டி எடுக்கிறேனே, பிறகென்ன?" என்ற கேள்வி. தோலில் படும் புறஊதாக் கதிர் விற்றமின் டி-யை உண்டாக்குகிறது. கண்ணில் படும் ஒளி உடற்கடிகாரத்தைத் திருத்துகிறது. இரண்டும் வேறு வேறு வேலைகள். மாத்திரை விழுங்கினால் மூளைக்கு விடியாது. ஒளிவிளக்கின் முன் இருந்தால் எலும்புக்கு விற்றமின் டி கிடைக்காது. ஜன்னலோர வெயிலும் அப்படித்தான். கண்ணாடி புறஊதாக் கதிரின் தேவையான பகுதியை மறித்துவிடும்.

2020-இல் வெளியான பெரிய அமெரிக்க ஆய்வில், 50 வயதைத் தாண்டிய 18,000-க்கும் அதிகமானோரில் ஒரு பகுதியினருக்கு நாளொன்றுக்கு 2,000 அலகு (IU) விற்றமின் டி-யையும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையையும் ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கொடுத்துப் பார்த்தார்கள். மனச்சோர்வு வருவதில் வேறுபாடு தெரியவில்லை. அதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். நவம்பரிலிருந்து பெப்ரவரி வரை இந்த அகலக்கோட்டில் சூரியன் தாழ்ந்து நிற்பதால், வெயிலில் நின்றாலும் தோலில் விற்றமின் டி அநேகமாக உண்டாவதில்லை. கறுத்த தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் வெயில் வேண்டும். எலும்புக்கும் தசைக்கும் அது அவசியம். 70 வயது வரை நாளொன்றுக்கு 600 அலகும் அதற்கு மேல் 800 அலகும் கனடாவில் பரிந்துரைக்கப்படும் அளவு. உணவிலிருந்து கிடைப்பதும் இதில் அடங்கும். வைத்தியர் சொல்லாமல் 4,000 அலகைத் தாண்டக் கூடாது. கொழுப்பில் கரைவது என்பதால் சாப்பாட்டோடு எடுங்கள். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு நாளுக்கு 400 அலகு சொட்டுமருந்து தனியாகக் கொடுக்க வேண்டும்.

நான்காம் படி: அடுப்படி

பனிக்காலத்தில் மாப்பண்டம் கேட்பது நாக்கின் குற்றமல்ல. சோர்ந்த மூளை விரைவான சக்தியைத் தேடுகிறது. அதை அடக்கி ஒடுக்கப் போனால் இரவு பதினொரு மணிக்கு முழு பிஸ்கட் பெட்டியும் காலியாகும். கேட்பதைக் கொடுங்கள், கூட்டாளியோடு கொடுங்கள். மாவோடு புரதமும் நாரும் சேர்ந்தால் சர்க்கரை மெதுவாக ஏறும், மெதுவாக இறங்கும். மூன்று மணிக்குத் தலை தொங்குவது குறையும்.

காலையில் பாணும் ஜாமும் தேத்தண்ணீரும் என்ற பழக்கத்தை முதலில் மாற்றுங்கள். இரண்டு அவித்த முட்டை, அல்லது கடலை, அல்லது பயறு சேர வேண்டும். எங்கள் வீட்டின் பனிக்காலக் காலை உணவு குரக்கன் புட்டும் டின் சாமன் பிரட்டலும். சிவப்பு அரிசி மா ஒரு கோப்பை, குரக்கன் மா ஒரு கோப்பை, இரண்டையும் கலந்து குழைத்து, தேங்காய்ப்பூ வழக்கத்தில் பாதியும் துருவிய கரட் மீதியுமாகச் சேர்த்து அவித்தால் நான்கு பேருக்குப் போதும். பிரட்டலுக்கு எலும்போடு அடைத்த டின்னை வாங்குங்கள். அந்த எலும்பு விரலால் நசுக்கினாலே மாவாகும், அத்தனையும் கல்சியம். சாமன் மீனில் விற்றமின் டி-யும் ஒமேகா-3 கொழுப்பும் உண்டு. ஒரு கரண்டி எண்ணெயில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, மஞ்சளும் மிளகாய்த்தூளும் போட்டு, மீனைக் கொட்டி, நீர் வற்றும்வரை பிரட்டி, இறக்கியபின் தேசிக்காய் பிழிய வேண்டும். பன்னிரண்டு நிமிட வேலை. சாமன் விலை கூடினால் சார்டினும் மக்கறலும் அதே பயனைத் தரும். வாரத்தில் இரண்டு நாள் இப்படி மீன் சேரட்டும். மீன் உண்ணாதவர்கள் விற்றமின் டி சேர்த்த பால் அல்லது சோயாப் பால், ஆளிவிதை, வால்நட் பக்கம் போகலாம். பி12-க்கு மாத்திரை தேவைப்படலாம்.

கீரைக்குக் கவலை இல்லை. உறைய வைத்த முருங்கையிலை தமிழ்க் கடைகளில் ஆண்டு முழுவதும் கிடைக்கிறது. கனடாவில் விளையும் கேல் கீரையைப் பொடியாக அரிந்து, தேங்காய்ப்பூவோடு வறை செய்து பாருங்கள், வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. பருப்பும் கீரையும் சாப்பிடும்போது தேசிக்காய்ச் சாறு சேர்த்தால் இரும்புச்சத்து நன்றாக உறிஞ்சப்படும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அந்த உறிஞ்சல் குறையும். ஒரு மணி நேரம் பொறுங்கள்.

இரவுச் சாப்பாடு எட்டு மணிக்குள் முடியட்டும். பிற்பகல் இரண்டுக்குப் பிறகு கோப்பி, தேத்தண்ணீர் வேண்டாம். மல்லி அவித்த தண்ணீரோ ரசமோ குடிக்கலாம். ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று வறண்டிருக்கும், தாகம் தெரியாது. தண்ணீர்ப் போத்தலை மேசையில் கண்ணுக்கு முன்னால் வையுங்கள். மதுவைப் பற்றி ஒரு வரி: குளிருக்கு இதம் என்று தொடங்கும் அது தூக்கத்தையும் மனத்தையும் சேர்த்துக் கெடுக்கிறது. அதில் விட்டுக்கொடுப்பு இல்லை.

மாதம் ஒரு ஞாயிறு கூழ் காய்ச்சுங்கள். ஒடியல் மாவை ஊறவைத்துத் தெளிந்த நீரை வடித்துவிட்டு, மீன், நண்டு, இறால், பயற்றங்காய், பலாக்கொட்டை, கீரை எல்லாம் போட்டுக் காய்ச்சும் ஒரு பானைக் கூழுக்கு ஆட்கள் தாமாக வந்து சேருவார்கள். தனித்திருப்பது பனிக்காலச் சோர்வின் பாதி. ஒரு ஞாயிறு எங்கள் வீட்டுக்குக் கூழ் குடிக்க வந்தவர்கள் அம்மாவிடம் மூன்று மணி நேரம் ஊர்க்கதை பேசிவிட்டுப் போனார்கள்.

ஐந்தாம் படி: உடம்பை அசைப்பது

இலக்கு வாரத்தில் 150 நிமிடம், மூச்சுச் சற்று வாங்கும் வேகத்தில். அதைக் கேட்டவுடன் மலைக்காதீர்கள். நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்குச் சற்று மேல்தான் வருகிறது. ஒவ்வொரு சாப்பாட்டுக்குப் பிறகும் பத்து நிமிடம் நடந்தால் இலக்கைத் தாண்டிவிடுவீர்கள். உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையும் தணியும்.

அம்மா அடுக்குமாடியின் நடைபாதையில்தான் தொடங்கினார். அந்தத் தளத்தின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்கு 62 எட்டு என்று எண்ணி வைத்திருந்தார். முதல் வாரம் நான்கு தடவை, அடுத்த வாரம் எட்டு. பிறகு மோலுக்குப் போனோம். கடைகள் திறக்குமுன்னே நடப்பவர்களுக்காகக் கதவு திறக்கும் மோல்கள் பல உண்டு. தரை சமம், வழுக்காது, கழிவறை உண்டு, களைத்தால் உட்கார இருக்கை உண்டு. நகரசபையின் சமூக நிலையங்களில் உள்ளரங்கு நடைப்பாதையும் நீச்சல் குளமும் இருக்கின்றன.

நடையோடு தசைக்கும் வாரம் இரண்டு நாள் வேலை வேண்டும். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மெல்ல உட்காருவது பத்துத் தடவை. சுவரில் கையூன்றித் தள்ளுவது பத்துத் தடவை. அடுப்படி மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது பதினைந்து தடவை. இடையில் மூச்சு வாங்கி, இதையே இன்னொரு சுற்று. சோறு வேகும் நேரத்துக்குள் முடியும்.

வெளியே போகும் நாளில் உடுப்பு மூன்று அடுக்கு. உள்ளே பருத்தி வேண்டாம். வியர்வையைக் குடித்து ஈரமாகி உடம்பைக் குளிரவைக்கும். கம்பளி அல்லது பொலியெஸ்ரர் உள்ளாடை, நடுவில் கம்பளிச் சட்டை, மேலே காற்றை மறிக்கும் ஜாக்கெட். தெருவில் பனி உருகி மீண்டும் உறையும் நாள்தான் எலும்பு முறியும் நாள். சப்பாத்தின் அடியில் மாட்டும் முள்பட்டை வாங்கிக்கொள்ளுங்கள். கையைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, முழங்காலைச் சற்று மடக்கி, சிறு சிறு அடியாக வாத்துப்போல நடவுங்கள். காற்றோடு சேர்ந்த குளிர் மறை 27-க்குக் (-27) கீழே போனால் திறந்த தோல் அரை மணிக்குள் உறையக்கூடும். அன்று மோல் போதும்.

வாசலில் குவிந்த ஸ்னோவை வழிப்பதை உடற்பயிற்சிக் கணக்கில் சேர்க்கும் ஆண்களுக்கு ஒரு எச்சரிக்கை. குளிர் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது, ஈரப்பனியின் பாரம் இதயத்தை உலுக்குகிறது. இதயநோய், உயர் இரத்த அழுத்தம் உள்ளவர்களும் நாற்பத்தைந்து தாண்டி உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவர்களும் அந்த வேலையை இளையவரிடம் விட வேண்டும். மற்றவர்கள் அள்ளி வீசாமல் தள்ளுங்கள். வயிறு நிறையச் சாப்பிட்டவுடன் இறங்காதீர்கள். நெஞ்சில் இறுக்கம் வந்தால் பனி வழிக்கும் கருவியை அங்கேயே போட்டுவிட்டு 911 அழையுங்கள்.

எப்போது உதவி தேட வேண்டும்

மேற்சொன்ன எல்லாம் செய்தும் இரண்டு வாரமாக நாளின் பெரும்பகுதி மனம் இருண்டே இருந்தால், வேலைக்குப் போக முடியாமல் போனால், பிடித்த எதிலும் நாட்டமில்லாமல் போனால், குடும்ப வைத்தியரைப் பாருங்கள். பேச்சுச் சிகிச்சையும் மருந்தும் இருக்கின்றன, இரண்டும் பலன் தருகின்றன. உயிர் வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் யாருக்காவது வந்தால் அவரைத் தனியே விடாதீர்கள். கனடாவில் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். வீட்டுப் பெரியவர் இதைத் தானாகச் சொல்லமாட்டார். "உடம்பு ஓய்ச்சல்" என்றுதான் சொல்வார். அடுத்த கேள்வியை நீங்கள்தான் கேட்க வேண்டும்.

மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும்போது காலை மறுபடி இருட்டும். விளக்கை அந்த வாரமே மூட்டை கட்டாமல் ஏப்ரல் வரை வைத்திருங்கள். அம்மாவின் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது. எந்த நாளில் ஓய்ச்சல் தொடங்கியது, எந்த நாளில் தெளிந்தது என்று ஒவ்வோர் ஆண்டும் அதில் எழுதுகிறார். சென்ற ஆண்டுத் தொடக்கம் நவம்பர் 6. இந்த ஆண்டு விளக்கை ஒக்ரோபர் 20-க்கே எடுத்து வைக்கச் சொல்லியிருக்கிறார்.